முதலிடத்தில் இருந்த அணி எப்படித் திவாலானது?

‘மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாராம்’ என்று ஒருவரைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் போதும், மீதிக் கதையை நாமே எழுதிக்கொள்வோம். கடையை மூடிவிட்டார், ஆள் ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டார், கடன் கொடுத்தவன் தலையில் துண்டு. திவால் என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையையும் போட்டு அமுக்கி வைத்திருக்கிறோம்.

அதனால்தான் ஒட்டாவா செனட்டர்ஸ் கதையைக் கேட்டால் பலருக்குக் குழப்பம் வருகிறது. கனடாவின் தலைநகரில் இருக்கும் ஐஸ் ஹாக்கி அணி அது. 2003 ஜனவரி 9 அன்று, கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டது. அதே சீசனில், வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் இருந்த 30 அணிகளில் முதலிடம் பிடித்தது. திவாலான அணி எப்படி முதலிடம் பிடிக்கும்? முதலிடத்தில் இருக்கும் அணி ஏன் திவாலாகும்?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்வார்கள். ஒன்று, ‘கஷ்டம் வந்ததும் வெறி வந்து ஆடினார்கள்’ என்ற சினிமா பதில். இன்னொன்று, ‘எல்லாம் நாடகம், பணத்தை எங்கோ ஒதுக்கிவிட்டார்கள்’ என்ற டீக்கடை பதில். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நடந்தது இன்னும் சாதாரணமானது, என் கண்ணுக்கு இன்னும் சுவாரசியமானது.

அணி எவ்வளவு நல்ல அணி?

என்.எச்.எல்.-இல் அப்போது ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 82 ஆட்டங்கள் ஆடும். அன்றைய கணக்குப்படி வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1, வழக்கமான நேரத்திலேயே தோற்றால் ஒன்றும் இல்லை. செனட்டர்ஸ் அந்த சீசனில் 52 வெற்றி, 21 தோல்வி, 8 சமன், கூடுதல் நேரத் தோல்வி 1. கூட்டிப் பாருங்கள்: 104, அதோடு 8, அதோடு 1. மொத்தம் 113 புள்ளிகள். அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குக் கொடுக்கப்படும் பிரசிடென்ட்ஸ் டிராஃபி முதன்முறையாக ஒட்டாவாவுக்கு வந்தது.

1992-ல் லீகில் சேர்ந்தபோது இதே அணி முதல் சீசனில் ஜெயித்தது வெறும் 10 ஆட்டங்கள். 70 தோல்வி. பத்து வருடத்தில் அங்கிருந்து இங்கே. கேப்டன் டேனியல் ஆல்ஃப்ரெட்சன், 45 கோல் போட்ட மரியன் ஹோசா, பின்வரிசையில் மலை போல நிற்கும் ஸ்டெனோ சாரா, 39 வெற்றிகளைக் காத்துக் கொடுத்த கோல்கீப்பர் பேட்ரிக் லலீம், பயிற்சியாளர் ஜாக் மார்ட்டின். காசை இறைத்து வாங்கிக் கூட்டிய கூட்டமும் இல்லை. இளம் வயதிலேயே எடுத்துப் பொறுமையாக வளர்த்த ஆட்கள்தான் பாதிக்கு மேல். அதே சீசனில் லீகில் அதிகம் செலவழித்த அணிகளில் ஒன்றான நியூயார்க் ரேஞ்சர்ஸ் பிளே ஆஃப் பக்கமே வரவில்லை.

இலை நிறைய ஆள், கல்லா காலி

ஹாக்கியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். ஒரு மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. மீன் குழம்பு வாசனை தெருமுனை வரை வரும். சமையல்காரர் கைப்பக்குவம் அப்படி. ஆனால் அந்த மெஸ் இருக்கும் கட்டடத்தை ஓனர் பெரிய கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். இரண்டு லட்சம் வியாபாரம் ஆகும் மாதத்தில், மளிகை, கேஸ், சம்பளம் எல்லாம் போக நாற்பதாயிரம் மிஞ்சுகிறது. வங்கித் தவணையோ எழுபதாயிரம்.

இந்த மெஸ்ஸில் எது கெட்டுப்போயிருக்கிறது? குழம்பு இல்லை. சமையல்காரர் இல்லை. கூட்டத்துக்கும் குறைவில்லை. என்றோ போட்ட கையெழுத்து ஒன்று இன்றைய கல்லாவைத் தின்கிறது. வருகிற பணமும் போகிற பணமும் நாள் தேதியோடு பொருந்திப் போவதைத்தான் பணப்புழக்கம் என்கிறோம். இந்த மெஸ்ஸுக்கு இல்லாதது அது.

இன்னொன்றும் உண்டு. இருக்கும் சொத்தையெல்லாம் விற்றாலும் கடன் தீராது என்ற நிலை. அதற்குப் பெயர் கடன்மீறல் என்று வைத்துக்கொள்வோம். கையில் காசில்லாமல் திண்டாடுகிறவர் எல்லோரும் கடன்மீறலில் இருப்பவர் இல்லை. வீட்டை விற்றால் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம், ஆனால் நாளைக்குக் காலை பால் வாங்கக் காசில்லை என்று இருப்பவர்கள் நமக்கே தெரிந்திருக்கும். ஒட்டாவாவுக்கு இரண்டு சிக்கலும் சேர்ந்தே இருந்தன.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஆட்டம் ஒரு கணக்கு, கடன் இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஓடுவதால் நாம் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

கையெழுத்து போட்டது எங்கே?

மெஸ்ஸுக்குக் கட்டடம் போல, செனட்டர்ஸுக்கு அரங்கம். ஒட்டாவாவுக்கு மேற்கே கனாட்டா என்ற இடத்தில், வயல்வெளியில், 18,000-க்கும் மேற்பட்டோர் உட்காரும் அரங்கத்தைக் கட்டினார்கள். 1996 ஜனவரியில் திறந்தார்கள். பிறகு அதற்கு கோரல் சென்டர் என்று பெயர் வந்தது. பெரும்பாலும் கடன் பணம்.

வயலில் கட்டினால் வழி வேண்டுமே? நெடுஞ்சாலை 417-லிருந்து அரங்கத்துக்கு இறங்கி ஏற ஒரு சந்திப்புப் பாலமும் சாலைகளும் தேவைப்பட்டன. ஒன்டாரியோ மாகாண அரசு கைவிரித்துவிட்டது. அணிதான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆனது. செலவு சுமார் 3 கோடி கனடா டாலர். கோல் போடுவதற்காக ஆரம்பித்த கம்பெனி நெடுஞ்சாலைப் பாலம் கட்டிக் கொடுத்த கதை உலகத்தில் வேறெங்கும் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கடன் தலைக்கு மேல் நிற்கும்போது, அடுத்த அடி நாணய மதிப்பிலிருந்து விழுந்தது. வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில். டிக்கெட் விற்பதோ கனடா டாலரில். 2002 ஜனவரியில் ஒரு கனடா டாலரின் மதிப்பு 62 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. அதாவது ஒட்டாவாவில் 100 டாலருக்கு ஒரு டிக்கெட் விற்றால், சம்பளம் கொடுக்கும் கணக்கில் அது 62 டாலர்கூட இல்லை. பாஸ்டனிலோ டெட்ராய்டிலோ விற்ற 100 டாலர் டிக்கெட் 100 டாலராகவே இருந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தாலும் கல்லாவுக்கு அடியில் ஓட்டை. இதே சுமை அழுத்திய 90-களில் கியூபெக் நோர்டிக்ஸ் டென்வருக்கும், வின்னிபெக் ஜெட்ஸ் அரிசோனாவுக்கும் பெட்டி கட்டிவிட்டன. ஒட்டாவாவும் அடுத்துக் கிளம்பிவிடுமோ என்ற பயம் ரசிகர்களுக்கு எப்போதும் இருந்தது.

அணிகளின் சம்பளச் செலவுக்கு அப்போது உச்சவரம்பும் கிடையாது. அது வந்தது 2005-ல், ஒரு சீசன் முழுவதையும் பூட்டிப்போட்ட சண்டைக்குப் பிறகு.

1993 முதல் அணியை நடத்தியவர் ராட் பிரைடன் என்ற தொழிலதிபர். ஒரு கடனை அடைக்க இன்னொரு ஏற்பாடு, அதற்கு மேல் ஒரு ஏற்பாடு என்று வருடக்கணக்கில் இழுத்துப் பிடித்தார். இதில் ஒரு வேடிக்கை. அரங்கத்தின் கடனுக்குப் பின்னால் நின்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனமான கோவன்டா 2002 ஏப்ரலில் தானே திவால் பாதுகாப்புக்குள் போய்விட்டது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜாமீன் நின்றவரே படுத்துவிட்டால், வாங்கியவர் எத்தனை நாள் நிற்பார்?

புத்தாண்டுச் சமயத்தில் வீரர்களுக்கு வரவேண்டிய சம்பளம் வரவில்லை. ஒன்பதாம் தேதி நீதிமன்றம்.

ஆளுக்கொரு அண்டா

மறுபடியும் மெஸ்ஸுக்கு வருவோம், கதையின் முக்கியமான இடம் இதுதான். ஓனரால் தவணை கட்ட முடியவில்லை என்ற சேதி வெளியே கசிகிறது. மறுநாள் விடிகாலையில் மளிகைக்கடைக்காரர் வந்து கிரைண்டரைத் தூக்குகிறார். காய்கறிக்காரர் அண்டாவை எடுத்துக்கொள்கிறார். கேஸ்காரர் சிலிண்டரைக் கழற்றுகிறார். வங்கி கதவில் பூட்டுப் போடுகிறது. யாருடைய கோபமும் தவறில்லை, எல்லோருக்கும் நியாயமான பாக்கி இருக்கிறது. ஆனால் மாலையில் பார்த்தால் மெஸ் இல்லை. ஐந்து லட்சம் பாக்கி உள்ளவர் கையில் ஐயாயிரம் பெறும் ஒரு பழைய அண்டா.

அந்த மெஸ்ஸின் உண்மையான மதிப்பு அண்டாவிலா இருந்தது? தினம் மதியம் வந்து உட்காரும் கூட்டத்தில் இருந்தது. அடுப்பு எரியும் வரைதான் அந்த மதிப்பு. அணைந்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும்.

இந்த அள்ளிக்கொண்டு ஓடுவதைத் தடுக்க நீதிமன்றம் போடும் வேலிக்குத்தான் திவால் பாதுகாப்பு என்று பெயர். கனடாவில் பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, 1933-ல், உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வந்தது. கடனாளிகள் ஒதுங்கி ஓட வழி செய்யும் சட்டம் என்று சிலர் இதைத் திட்டுவதுண்டு. உண்மையில் கடன் கொடுத்தவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றுவதுதான் இதன் பாதி வேலை.

வேலிக்குள் என்ன நடக்கும்? முதலில், யாரும் வழக்குப் போடவோ பொருளைப் பறிக்கவோ கூடாது என்று நீதிமன்றம் தடை போடும். அப்புறம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும். பெரும்பாலும் ஒரு கணக்காய்வு நிறுவனம்தான் அந்த வேலையைச் செய்யும். கடையை நடத்துவது பழைய நிர்வாகமே, ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று கண்காணிப்பாளர் பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்வார். மூன்றாவது, இடைக்கால நிதி. அடுப்பு அணையாமல் இருக்க அன்றாடச் செலவுக்கு மட்டும் புதிதாகக் கொடுக்கப்படும் கடன் இது. மூழ்கும் கப்பலுக்கு எவன் கடன் கொடுப்பான்? அதற்காகத்தான் இந்தக் கடனைத் திருப்பித் தருவதில், ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் இவரை நிறுத்துகிறார்கள்.

ஒட்டாவாவுக்கு இப்படி அவசர நிதி வந்தது. ஆட்டம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் 1 அன்று கனடாவின் மிகப்பெரிய விமான நிறுவனமான ஏர் கனடாவும் இதே சட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்டது. அன்றும் விமானங்கள் பறந்தன. அந்த விமானத்தில் இருந்தவர்கள் ‘திவாலான விமானத்தில் பறக்கிறோமே’ என்று பயந்திருந்தால், அதற்குக் காரணம் நாம் முதலில் பேசிய அந்த ஒற்றைச் சொல் குழப்பம்தான்.

சுருக்கமாக: பாதுகாப்பு கேட்பது என்றால் மூடுவது இல்லை, கடன் ரத்தாவதும் இல்லை. எல்லோரையும் கொஞ்ச நாள் கையைக் கட்டி நிற்க வைத்து, நடக்கிற வியாபாரத்தை நடக்கிற நிலையிலேயே காப்பாற்றி, பிறகு பங்கு பேசுவது.

சம்பளம் வராதவர்கள் ஏன் ஆடினார்கள்?

வெறி, வீராப்பு, ஊர்ப்பற்று. எல்லாம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் இதைவிடத் திடமான காரணங்கள் இருக்கின்றன.

வேலிக்குள் அணியின் ஒப்பந்தங்கள் செல்லும். வீரர் நினைத்தவுடன் மூட்டை கட்டிக்கொண்டு வேறு அணிக்குப் போக முடியாது. அதே சமயம் அவருடைய சம்பளம்தான் வேலிக்குள் முதலில் கவனிக்கப்படும் செலவு, ஏனென்றால் வீரர்கள் ஆடாவிட்டால் விற்பதற்கே ஒன்றும் இருக்காது. அதற்கு மேல், ஹோசா போடும் ஒவ்வொரு கோலும் ஹோசாவின் அடுத்த ஒப்பந்தத்துக்கான முதலீடு. யார் ஓனராக வந்தாலும் 45 கோல் 45 கோல்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று: வேலிக்குள் இருந்துகொண்டே அணி ஆள் வாங்கியது. பிப்ரவரியில் வாக்லாவ் வரதா வந்தார், மார்ச்சில் பிரையன் ஸ்மோலின்ஸ்கி. வரதாவைக் கொடுத்தது எந்த அணி தெரியுமா? பஃபலோ சேபர்ஸ். அந்த அணி திவால் பாதுகாப்பு கேட்டது ஜனவரி 13, அதாவது ஒட்டாவாவுக்கு நான்கே நாள் கழித்து. அவர்கள் கதை வேறு. ஓனர் குடும்பமான ரிகஸ் தங்கள் கேபிள் நிறுவனமான அடெல்ஃபியாவின் பணத்தில் கை வைத்த வழக்கில் மாட்டியிருந்தது. ஆக, திவாலான இரண்டு வீடுகளுக்கு நடுவில் கொடுக்கல் வாங்கல்! கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் கணக்குப்படி சரி. ஒட்டாவா ஜெயித்தால் அதை வாங்க வருபவர் அதிக விலை சொல்வார். கடன் கொடுத்தவர்களுக்கு அதில்தான் லாபம். பஃபலோவுக்கோ செலவு குறைய வேண்டும். அந்த சீசனில் பஃபலோ பிளே ஆஃபுக்கே போகவில்லை. நீதிமன்றப் படி ஏறியதில் மட்டும்தான் இரண்டும் ஒன்று.

மே மாதத்தில் வந்த பணம்

பிளே ஆஃப் என்பது சீசன் முடிந்தபின் தகுதி பெற்ற 16 அணிகள் மோதும் சுற்று. ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் ஜெயிப்பவர் அடுத்த கட்டத்துக்குப் போவார், கடைசியில் மிஞ்சுபவருக்கு ஸ்டான்லி கோப்பை. வீரர்களின் சம்பளம் 82 ஆட்டங்களோடு முடிந்துவிடும். பிளே ஆஃபில் அவர்களுக்குக் கிடைப்பது லீக் தரும் பரிசுப் பணம். அதனால் சொந்த அரங்கில் நடக்கும் ஒவ்வொரு பிளே ஆஃப் ஆட்டமும், டிக்கெட் முதல் பாப்கார்ன் வரை, அணிக்குக் கிட்டத்தட்டச் சுளையான வருமானம். கடனில் இருக்கும் அணிக்கு இது அறுவடைக் காலம்.

ஒட்டாவா நியூயார்க் ஐலண்டர்ஸை ஐந்தாவது ஆட்டத்திலும் பிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸை ஆறாவது ஆட்டத்திலும் முடித்தது. அரையிறுதிக்குச் சமமான சுற்றில் நியூ ஜெர்சி டெவில்ஸ். அங்கே 3-1 என்று பின்தங்கி, அப்புறம் இரண்டை வென்று 3-3 ஆக்கியது. ஆறாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டவர் கிறிஸ் ஃபிலிப்ஸ். மே 23 அன்று ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில். 2-2. ஆட்டம் முடிய 2 நிமிடம் 14 விநாடி இருக்கும்போது நியூ ஜெர்சியின் ஜெஃப் ஃப்ரீசன் உள்ளே புகுந்து லலீமைத் தாண்டி அடித்துவிட்டார். 3-2. கோப்பையையும் அந்த வருடம் நியூ ஜெர்சிதான் எடுத்தது.

‘கடன் பாரம்தான் கடைசி ஆட்டத்தில் காலை வாரியது’ என்று இதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். 82 ஆட்டம் வாராத கடன், அந்த இரண்டு நிமிடத்தில் மட்டும் வந்து வாரியதா? ஃப்ரீசன் நன்றாக அடித்தார், அவ்வளவுதான். கணக்கேட்டில் பார்த்தால், அந்த வசந்தத்தில் 18 பிளே ஆஃப் ஆட்டங்கள், அவற்றில் 10 சொந்த அரங்கில். ஜனவரியில் சம்பளம் போடக் காசில்லாத அணிக்கு இது யாரும் எதிர்பாராத பத்து நாள் திருவிழா வசூல்.

பந்தியில் யார் முதலில் உட்காருவார்கள்?

அணியும் அரங்கமும் ஏலத்துக்கு வந்தன. ஒட்டாவாவிலேயே வைத்து நடத்த முன்வந்தவர் யூஜின் மெல்னிக், மருந்துத் தொழிலில் சம்பாதித்த டொரான்டோக்காரர். 2003 ஆகஸ்டில் கைமாறியது. அணிக்குச் சுமார் 9.2 கோடி அமெரிக்க டாலர், அரங்கமோ கட்டிய செலவில் ஒரு சிறு பகுதிக்கு.

வந்த பணத்தைப் பிரிப்பதில் ஒரு வரிசை உண்டு. இடைக்கால நிதி கொடுத்தவர் முதலில். அடுத்து, அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்கள். அதன் பிறகு அடமானம் இல்லாமல் நம்பிக்கையில் கொடுத்தவர்கள், நம் மெஸ் கதையில் வரும் மளிகைக்கடைக்காரர் போல. இவர்களுக்குப் பெரும்பாலும் முழுப் பாக்கி தேறாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து இலை எடுக்கும் நேரத்தில், கடைசியில் உட்காருபவர் பழைய ஓனர். அதற்குள் சட்டியில் ஒன்றும் இருக்காது.

வரிசையில் நிற்கும் ஒருவர் பணத்துக்குப் பதில் பங்கைக் கேட்கவும் வழி இருக்கிறது. 1998-ல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் திவாலானபோது, அதிகப் பாக்கி வரவேண்டியவர்களில் ஒருவர் அவர்களின் முன்னாள் நட்சத்திரம் மரியோ லெமியூ. தள்ளிப்போட்ட சம்பளமாக 3 கோடி டாலருக்கும் மேல் நின்றது. பாக்கியின் பெரும்பகுதியைப் பங்காக மாற்றி, 1999-ல் அணிக்கே ஓனராகிவிட்டார். போதாதென்று, 2000 டிசம்பரில் மறுபடி ஸ்கேட் கட்டிக்கொண்டு தன் அணிக்காகத் தானே ஆட இறங்கினார்.

ராட் பிரைடனுக்கு அப்படி ஒரு வழி இல்லை. பத்து வருடம் கடனும் உடனுமாக இழுத்துப் பிடித்த அணி லீகிலேயே முதலிடத்துக்கு வந்த சீசனில், அது அவர் கையை விட்டு நழுவியது. இருபது வருடம் கழித்து, 2023-ல், மெல்னிக் குடும்பம் அதை விற்றபோது 95 கோடி அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். அரங்கத்தின் பெயர்ப்பலகை அதற்குள் பல முறை மாறிவிட்டது. 417-ல் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் அந்தப் பாலம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.